காக்கை இல்லாத தீவில் ஓர் அமாவாசை

மாத்திரையை விழுங்கியாயிற்று. பத்திரி என்கிற அரிசி ரொட்டியைப் பிய்த்து, சூரை மீன் குழம்பில் நன்றாகத் தோய்த்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான், தீவில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் செம்பை வைத்தபடி சொன்னாள்.

"அம்மே, இன்னு கருத்தவாவு. கடல் கேறும். கரையிலேக்கு அதிகம் போகண்டா."

என் மகனுக்கும் மருமகளுக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கருத்தவாவு என்றால் அமாவாசை. இன்றைக்கு அமாவாசை, கடல் மேலே ஏறி வரும், கரைப்பக்கம் ரொம்பப் போகாதீர்கள் என்கிறாள். கையில் இருந்த பத்திரி அப்படியே தட்டில் விழுந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிப் பேத்திதான் எழுதுகிறாள். "அப்பத்தா, ஒரு சேதிய ஆரம்பிச்சா ஊரச் சுத்தித்தான் வருவியா?" என்று இப்போதே முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும். எழுத்துத் தெரியாத எனக்கு மலையாளம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள் அல்லவா? வயசுக் காலத்தில் கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள் நான். விடியுமுன் ஜீப்புக்குள் ஆட்டை அடைக்கிற மாதிரி எங்களை அடைத்துக்கொண்டு போவார்கள். அங்கே மேஸ்திரி வைகிற வசவெல்லாம் மலையாளத்தில்தான். வசவைப் புரிந்துகொண்டால் மிச்சப் பேச்சு தானாகப் புரிந்துவிடும். கப்பல் ஏறியதிலிருந்து எங்கள் குடும்பத்துக்கே நான்தான் வாய். மகன் காசு கொடுக்க, நான் பேச, ராணி மாதிரி வந்துகொண்டிருந்தேன். அந்த ராணிக்குத்தான் அன்றைக்கு அப்படி ஓர் இடி.

என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து, அமாவாசை என்றால் தலை முழுகி, பூசணிக்காயும் வாழைக்காயும் வைத்துச் சமைத்து, மொட்டை மாடிச் சுவரில் இலை போட்டு, காக்கை வந்து கொத்திய பிறகுதான் நான் வாயில் சோறு வைப்பேன். ஓர் அமாவாசைகூடத் தவறியதில்லை. எங்கள் பக்கம் காக்கை என்றால் சும்மா இல்லை. குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில் இருக்கிற சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சாமி ஏறுகிற வாகனம், செத்தவர்கள் ஏறி வருகிற வண்டி, இரண்டும்தான்.

ஆனால் மாத்திரை உள்ளே போய்விட்டதே. அது சர்க்கரை மாத்திரை. போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். தேனியில் நான் காட்டுகிற டாக்டரம்மா, "மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தீங்கன்னா, சர்க்கரை கீழ இறங்கி ஆளையே கொண்டுபோயிரும்" என்று ஒவ்வொரு தரமும் விரலை ஆட்டிச் சொல்லி அனுப்புவார். அது பொய்யும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திராட்சை ஏற்ற லாரி வந்து நின்ற அவசரத்தில், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோட்டத்துக்கு ஓடினேன். குலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே பந்தலுக்கு அடியில் விழுந்துவிட்டேன். கண் திறந்து பார்க்கும்போது என் மகன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். மீசை நரைத்த ஆள் அழுவதைப் பார்க்கக் கூடாது. அதை அவன் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

அதனால்தான் பத்திரி தட்டில் விழுந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, என்ன ஆச்சு? முள்ளா?"

"ஏலே, இன்னைக்கு அமாவாசையாம்லடா."

மருமகள் நெஞ்சில் கை வைத்தாள். "அய்யய்யோ அத்தே! காலண்டரப் பாக்கவே இல்லையே!"

அதுதான் நடந்த தப்பு. எங்கள் வீட்டில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் உண்டு. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளில் போட்டிருக்கிற கறுப்பு வட்டம் தெரியும். கறுப்பு வட்டம் வந்தால் அமாவாசை, வெள்ளை வட்டம் வந்தால் பௌர்ணமி. பயணம் கிளம்பிய அன்று முதல் தாள் கிழிக்க வீட்டில் ஆள் இல்லை. மகன் கப்பல் கிடைக்கிற நாளைப் பார்த்தான், லீவு கிடைக்கிற நாளைப் பார்த்தான். பேத்தி எல்லாவற்றையும் போனில் பார்த்தாள். அவள் போனில் கறுப்பு வட்டம் இல்லை. நானோ கடலைப் பார்க்கப் போகிற குஷியில் வானத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்துக் கேட்டேன். இங்கே காக்கை எந்த நேரத்தில் வரும்?

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "காக்கயோ? இவிடெ காக்க இல்லல்லோ அம்மே. இந்தத் தீவில் ஒண்ணும் இல்லா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காக்கை இல்லாத ஊர் உலகத்தில் உண்டா? எழுந்து வாசலுக்குப் போய்த் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தேன். எத்தனை தென்னை! ஒரு மட்டையிலாவது கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கக் கூடாதா? வந்ததிலிருந்து ஊர் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே, அதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. கா கா என்று கத்த ஒன்றுமே இல்லை.

"அம்மா, முதல்ல சாப்பிடு. மத்ததப் பெறகு பேசுவோம்" என்றான் மகன்.

"உங்கப்பாரு சாப்பிடாம நான் எப்படிடா சாப்பிட?"

"சாமி மன்னிச்சுரும்மா."

"சாமி மன்னிச்சுரும். உங்கப்பாரு மன்னிக்க மாட்டாக."

இந்த இடத்தில் அந்த மனுஷரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி அடம் பிடித்தேன் என்று உங்களுக்கு விளங்காது. அவர் சாப்பாட்டுப் பிரியர். திராட்சைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அவருடைய தங்கச்சி வீடு. என் நாத்தனார். அங்கே போய் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவார். அப்புறம் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்தால் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும் என்று, பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஆட்டுக் கொட்டத்தை ஒட்டி, சுவரைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் வந்து சேருவார். வந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பசிக்குது, வட்டிலப் போடு" என்பார். நானும் போடுவேன். திரும்பவும் வயிறு முட்டச் சாப்பிடுவார். மறுநாள் நாத்தனார் தெருவில் நின்று, "எங்கண்ணே நேத்து எங்கிட்டத்தான் தின்னுச்சு. வீட்டுல ஒழுங்காப் போட்டா இங்கன ஏன் வருது?" என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். நான், "எங்க வீட்டுலயும் தின்னாகல்ல. அங்கன வயிறு நெறஞ்சிருந்தா இங்கன ஏன் கேக்குறாக?" என்பேன். மகன் பிறக்கும் முன்னால் ஆரம்பித்த சண்டை. அவர் போன பிறகும் தீரவில்லை. இருக்கிற காலத்தில் இரண்டு வீட்டில் சாப்பிட்டவரை, செத்த பிறகு ஒரு வீட்டிலும் இல்லாமல் எப்படிப் பட்டினி போடுவது? அதுதான் என் நினைப்பு.

நல்ல மனுஷர்தான். ஆனால் என்னை எங்கேயும் விடமாட்டார். ஏலத்தோட்டத்துக்குப் போனால் தடை சொல்லமாட்டார். வேலைக்குப் போவதற்குத் தடை இல்லை, சும்மா போவதற்குத்தான் தடை. நான் பிறந்த ஜெயமங்கலத்துக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் ஆள் அனுப்பிவிடுவார். அதனால் பேத்தி ஒரு நாள் போனைப் பார்த்து, "லீவுக்கு எங்க போகலாம்? ஒண்ணு தீவு, இல்லன்னா ராஜா அரண்மனை உள்ள ஊரு" என்று வாசித்தபோது, நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மருமகளுக்கு அரண்மனைதான் ஆசை. வடக்கே ஏதோ ஊர், ஏரிக்கு நடுவில் வெள்ளை மாளிகை, ராஜா குளித்த தொட்டி, ராணி முகம் பார்த்த கண்ணாடி என்று பேத்தி படம் படமாகக் காட்டினாள். என் மகன் பெரிய ஆள். "சுருளி அருவியே நமக்குப் போதும்" என்றான்.

"நீ என்ன அப்பத்தா சொல்ற?"

"ராஜா வீட்டப் பாத்து நான் என்னத்தச் செய்ய? அம்புட்டு வாசலயும் எவ கூட்டுனாளோன்னுதான் எனக்கு நெனப்பு வரும். கடல்ல கூட்டுற வேலையே இல்ல. எனக்குத் தீவு."

பேத்தி என் பக்கம் சாய்ந்தாள். மருமகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த லீவுக்கு அரண்மனை என்று சத்தியம் வாங்கிய பிறகு இறங்கி வந்தாள். நாத்தனாரையும் கூப்பிட்டோம். "எங்கண்ணே இருந்தா உங்கள விட்டுருக்குமா மதினி? நான் வரல. ஆட்டப் பாத்துக்கிறேன். நீங்க போயி ராணியாட்டம் கப்பல்ல ஆடுங்க" என்றாள். அவள் வாய் அப்படி. ஆனாலும் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்தேன்.

"அப்பத்தா, மாத்திர போட்டத மறந்துட்டியா? சாப்பிடாம நின்னியே, அங்க வா" என்கிறாள் பேத்தி. வருகிறேன், வருகிறேன்.

மருமகள்தான் முதலில் அசைந்தாள். அவளுக்கும் என் வீட்டில் வந்து அமாவாசை பழகிவிட்டது. வீட்டுக்காரம்மாவிடம் கைச் சைகை காட்டி அரிசி வாங்கி, புதுப் பானையில் சோறு ஏற்றினாள். வாழைக்காயும் பூசணிக்காயும் கேட்டாள். வாழைக்காய் இருந்தது, பூசணி இல்லை. அந்தம்மா முஸ்லிம். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. ஆனால், செத்துப்போன புருஷனுக்குச் சோறு என்று நான் சொன்னதும் மீன் சட்டியை மூடி அடுக்களைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். வரும்போதே முழங்கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருந்தது.

"சோத்தக் கடல்ல போட்டாலும் போகும்லம்மா. ராமேஸ்வரத்துல போடுறதில்ல?" என்றான் மகன்.

"அது ராமேஸ்வரம்டா. இது எந்தச் சாமி ஊரு?"

"நம்ம வீட்டுல யாராச்சும் காக்காய்க்கு வச்சா?" என்றாள் பேத்தி திடீரென்று. "சின்ன அப்பத்தாகிட்டச் சொல்லுவோம். வீடியோவுல நீயே பாரு."

சின்ன அப்பத்தா என்று அவள் சொல்வது என் நாத்தனாரை. எனக்கு அது சரியாகப் பட்டது. தங்கச்சி கையால் வைத்தால் அவருக்கு ஆகாதா என்ன? இருக்கும்போது ஓடி ஓடித் தின்ற கைதானே. ஆனால் போன் எடுத்தால் சிக்னல் கோடே இல்லை. என் மகன் போனில் சுத்தமாக இல்லை. பேத்தி போனில் கப்பல் நிற்கிற பாலத்துக்குப் பக்கத்தில் போனால் கொஞ்சம் வரும் என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். பேத்தி ஓடினாள். எங்களைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு மணலில் செருப்பில்லாமல் ஓடினாள்.

நானும் கிளம்பினேன். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மருமகள். மருமகள் கையில் இலையில் கட்டிய சோறு. மகன் இன்னொரு கையில் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருந்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டான். வியர்த்துக் கொட்டியது. வெயிலால் என்றேன். வெயிலால் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பாலத்துப் பக்கம் போய்ச் சேரும்போது பேத்தி கையை உயரத் தூக்கியபடி நின்றாள். "கெடச்சிருச்சு! அப்பத்தா, பேசு!"

வீடியோ வரவில்லை, பேச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

"ஏத்தா, நான்தான். இன்னைக்கு அமாவாசையாம்!"

"இப்பத்தான் தெரியுதாக்கும்?" நாத்தனார் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் காலையிலயே பூசணிக்காய் வாங்கிச் சமைச்சு, உங்க வீட்டு மாடியிலதான் எல போட்டு வச்சிருக்கேன் மதினி. உங்கள நம்பி எங்கண்ணே பட்டினி கெடக்கணுமா?"

"வந்துச்சா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். காற்று மட்டும்.

"வரல."

"என்னடி சொல்ற?"

"கீழத்தெருவுல ஒரு ஆளு செத்துக் கேதம். வெடியாப் போட்டுத் தள்ளுறாக. காக்கா பூராம் பயந்துக்கிட்டு மலப்பக்கம் போயிருச்சு. நானும் கா கான்னு கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. நானும் இன்னும் சாப்பிடல மதினி. நீங்க அங்கன மாத்திர கீத்திர..."

அத்தோடு அறுந்துவிட்டது. பேத்தி மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். கையை உயரத் தூக்கினாள், பாலத்தின் ஓரம் வரை போய்ப் பார்த்தாள். கோடு திரும்பி வரவில்லை.

இங்கேயும் காக்கை இல்லை, அங்கேயும் காக்கை இல்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? உயிரோடு இருந்தபோது என்னை எங்கேயும் விடாத மனுஷர், நான் கடல் தாண்டிப் போனதில் கோபித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வராமல் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மகன் இனிமேல் என்னைச் சுருளிக்குக்கூடக் கூட்டிப்போகமாட்டான்.

கரை மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் நடுங்கியது. நாக்கு தடித்துப்போய் பேச்சுக் குழறியது. கடலும் வீட்டுக்காரம்மா சொன்ன மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலையும் முந்தினதைத் தாண்டி மணலை நனைத்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்று எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, வாயத் தொற" என்றான் மகன். சர்க்கரைப் பொட்டலம் வெளியே வந்துவிட்டது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ விழுந்தா இங்கன நான் என்ன செய்வேன்? ஆசுபத்திரி எங்கன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதும்மா!" அவன் என் தாடையைப் பிடித்தான். "அப்பாவுக்குச் சோறு போடுறேன் போடுறேன்னு நீயும் அப்பாகிட்டப் போயிருவியா?"

மருமகள் அதற்குள் சோற்றுப் பொதியை அவிழ்த்து, இலையோடு மணலில் வைத்துவிட்டாள். "மாமா, வாங்க மாமா. அத்தே பட்டினியா இருக்காக. வெரசா வாங்க" என்று அந்த வெள்ளைக் கொக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். பாவம், அவளுக்கு அது ஒன்றுதான் பறவை. கொக்கு இறக்கையை விரித்துப் போயே போய்விட்டது.

அப்போதுதான் பேத்தி, "அசையாதீங்க!" என்றாள்.

இலைக்கு அந்தப் பக்கம் மணலில் ஒரு பொந்து. அதிலிருந்து மணல் நிறத்தில் ஒரு நண்டு கண்ணிரண்டையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. மகன் கால் லேசாக அசைந்தது. நண்டு உள்ளே போய்விட்டது.

"ஏலே, கல்லாட்டம் நில்லுடா" என்றேன். நாக்குக் குழறியது. ஆனாலும் அவனுக்குப் புரிந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அலை ஒன்று ஏறி வந்து இலையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்த அலை வந்தால் இலையே போய்விடும். நண்டு வெளியே வந்தது. நின்றது. எங்களைப் பார்த்தது. பிறகு இலையைப் பார்த்து வரவில்லை. இலைக்கு எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு, எங்கேயோ வேறு வேலையாகப் போகிற ஆள் மாதிரி, பக்கவாட்டில், மணலைத் தடவிக்கொண்டே, நின்று நின்று, நகர்ந்து நகர்ந்து...

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நடுக்கத்திலும் அடக்க முடியவில்லை.

"என்னம்மா? என்னம்மா ஆச்சு?" மகன் பயந்துவிட்டான். சர்க்கரை இறங்கிப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

"உங்கப்பாருடா. அங்கன பாரு. அந்த வருகயப் பாரு! ஆட்டுக் கொட்டத்துப் பக்கமாச் சொவத்தத் தடவிக்கிட்டு வாரத நீ பாத்ததில்லையாடா?"

மகன் பார்த்தான். அவன் சின்ன வயதில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. நண்டு இலைக்குப் பக்கத்தில் வந்து, கொடுக்கை நீட்டி, ஒரு பருக்கையை எடுத்தது. வாய்க்குக் கொண்டுபோனது. இன்னொன்று எடுத்தது. இன்னொரு நண்டும் எட்டிப் பார்த்தது. அதற்குள் அலை வந்து இலையையும் சோற்றையும் நண்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

"தின்னாச்சு" என்றேன். "இப்பக் குடுடா."

அவன் பொட்டலத்தை அவசரத்தில் பல்லால் கிழித்து, பாதி மணலில் கொட்டி, மிச்சத்தை என் வாயில் போட்டான். நான் சர்க்கரையை நக்கிக்கொண்டே அவன் கையையும் சேர்த்து நக்கிவிட்டேன். மருமகள் புடவைத் தலைப்பிலிருந்து பிஸ்கட் எடுத்தாள். அவளும் ஒளித்து வைத்திருந்தாள் பாருங்கள். குடும்பமே என்னைத் திருட்டுத்தனமாகக் காப்பாற்றக் கிளம்பி வந்திருக்கிறது. பேத்தி என் முதுகில் சாய்ந்துகொண்டு விசும்பினாள். கொஞ்ச நேரத்தில் விரல் நடுக்கம் நின்றது. கடல் எப்படி இருந்தது தெரியுமா? கம்பத்து ஜவுளிக் கடையில் புதுத் தாவணியை உதறி விரிப்பார்களே, அந்தப் பச்சை. அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை.

போன் அடித்தது. பேத்தி பதறி எடுத்து, "சின்ன அப்பத்தா, இங்க காக்காவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே என் காதில் வைத்தாள். கோடு தானாக வந்திருக்கிறது.

"மதினி! சாப்பிடுங்க மதினி! வெடி நின்னுருச்சு. லைன் அறுந்த கொஞ்ச நேரத்துலயே எங்கண்ணே வந்துருச்சு! ரெண்டு வாய் தின்னுட்டு, பூசணிக்காயத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு!" அவள் குரலில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இங்கனயும் வந்தாகடி."

"அங்கனயா? அங்கன காக்கா இல்லன்னு உங்க பேத்தி சொன்னாளே?"

"நண்டா வந்தாக."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எப்ப?"

"இப்பத்தான். ஒரு வெத்தல போடுற நேரம் இருக்கும்."

"அப்ப எங்கிட்டத்தான் மொதல்ல!" என்றாள் நாத்தனார். "எங்கிட்டத் தின்னுட்டு, பெறகுதான் அங்கன வந்திருக்கு. எப்பயும்போல!"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. "மொதல்ல எங்கன தின்னா என்னடி? தின்ன வாயோட கடல் தாண்டி யாருகிட்ட வந்தாகன்னு பாரு" என்றேன். அவளுக்கு அது கேட்டதோ இல்லையோ, கோடு போய்விட்டது. மகன் சிரித்த சிரிப்பில் அந்த வெள்ளைக் கொக்கு இருந்திருந்தால் மறுபடி பறந்திருக்கும்.

மறுநாள் அமாவாசை கழிந்ததும் அந்தம்மாவின் சூரை மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். படகில் போய்க் கண்ணாடி வழியாகக் கடலுக்கு அடியில் பார்த்தேன். மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன். அதையெல்லாம் சொன்னால் பேத்தி கை வலிக்கிறது என்பாள். விட்டுவிடுகிறேன்.

ஊருக்கு வந்து இறங்கியபோது நாத்தனார் எங்கள் வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கடல் எப்படி, கப்பல் எப்படி என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கி வந்த தேங்காய் மிட்டாயைக்கூட வாங்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மதினி, பொய் சொல்லாமச் சொல்லுங்க. அந்த நண்டு எப்படி வந்துச்சு?"

"எங்களப் பாக்காம, எங்கிட்டோ போறாப்புல, பக்கவாட்டுல வந்துச்சு."

நாத்தனார் தழைக்கட்டைக் கீழே போட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆட்டுக் கொட்டத்து ஓரமாக இருந்த அந்தச் சந்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தாள்.

"அப்ப அது எங்கண்ணேதான் மதினி" என்றாள்.